சர்வதேசப் பேரியல் பொருளாதாரத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

நீங்கள் பி.காம். முடித்து ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறீர்கள். 2022-இல் இலங்கையில் நடந்ததைப் பார்த்ததிலிருந்து, ஒரு நாடு எப்படி இப்படி நொடித்துப்போகிறது என்ற கேள்வி உங்களை விடவில்லை. சர்வதேசப் பேரியல் பொருளாதாரமும் பொருளாதாரக் கொள்கையும் படிக்க வேண்டும் என்கிறீர்கள். எந்தப் புத்தகத்தில் தொடங்குவது, எவ்வளவு கணிதம் வேண்டும், எம்.ஏ. சேர வேண்டுமா, படித்து முடித்தால் ரூபாய் எப்போது விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் எழுதிய ஒரு வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: "விவாதத்தில் ஒருவர் சீனக் கடன் என்கிறார், இன்னொருவர் வரிக் குறைப்பு என்கிறார், மற்றொருவர் கொரோனா என்கிறார். யார் சொல்வது சரி என்று நானே எடைபோட வேண்டும்." பட்டம் வாங்குவது வேறு, இப்படி எடைபோடக் கற்பது வேறு. இரண்டாவதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். 1989-இல் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தேன். சில ஆண்டுகளில் வேலையை விட்டுப் பொருளாதாரம் படித்து, பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பாடத்தைக் கல்லூரியில் நடத்தினேன். மத்திய வங்கியின் முடிவெடுக்கும் அறையில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அதனால் அமைச்சரும் ஆளுநரும் ஏன் அந்த நேரத்தில் அந்த முடிவை எடுத்தார்கள் என்பதை நான் உள்ளிருந்து சொல்ல முடியாது. கணக்கையும், அந்தக் கணக்கு விட்டுவைத்த வழிகளையும் என்னால் காட்ட முடியும்.

புத்தகத்தில் தொடங்காதீர்கள். ஒரே ஒரு நாட்டின் ஒரே ஒரு அட்டவணையில் தொடங்குங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதை அயல்நாட்டுச் செலுத்துநிலை என்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் சென்மதி நிலுவை என்கின்றன. எனக்கு இலங்கைச் சொல்லின் மீது தனிப் பிரியம் உண்டு, ஏனென்றால் செலுத்த வேண்டியது என்ற கணக்குப்பிள்ளையின் பார்வை அதில் இருக்கிறது. ஒரு நாட்டில் வாழ்பவர்கள் உலகின் மற்றவர்களோடு ஓராண்டில் செய்த எல்லாக் கொடுக்கல் வாங்கலும் அந்த அட்டவணையில் இரட்டைப் பதிவு முறையில் எழுதப்படுகிறது. பொருளாதார மாணவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பற்று, வரவு என்றாலே அவர்களுக்குத் தலை சுற்றும். நீங்கள் ஆறு ஆண்டுகளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள், ஆகவே பாதித் தூரத்தை ஏற்கெனவே கடந்துவிட்டீர்கள்.

எப்படிப் படிப்பது என்பதை ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். வகுப்பில் கரும்பலகையில் போட்டுக்காட்டிய கணக்கு இது. 2021 டிசம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோஹாவில் வேலை செய்யும் ஒருவர் இலங்கையின் பருத்தித்துறையில் இருக்கும் தன் அம்மாவுக்கு 500 டாலர் மதிப்புள்ள பணம் அனுப்ப வேண்டும். வங்கி வழியாக அனுப்பினால் டாலருக்கு ஏறத்தாழ 203 ரூபாய் கிடைக்கும். அந்த மாதம் அரசு கொடுத்த 10 ரூபாய் ஊக்கத்தொகையைச் சேர்த்தால் 213. அம்மா கையில் 1,06,500 ரூபாய். உண்டியல்காரரிடம், அதாவது வங்கிக்கு வெளியே பணத்தைக் கைமாற்றி விடுபவரிடம், கொடுத்தால், அவர் டாலருக்கு 240 ரூபாய் தருவதாக வைத்துக்கொள்வோம். அம்மா கையில் 1,20,000 ரூபாய். மாதச் செலவுக்கு மகனை நம்பியிருக்கும் வீட்டுக்கு 13,500 ரூபாய் வித்தியாசம் சிறிய தொகை இல்லை. உண்டியலைத் தேர்ந்தெடுத்தவர்களைத் தேசப்பற்று இல்லாதவர்கள் என்று அன்று பேசியவர்கள், இந்தப் பெருக்கலை ஒரு தாளில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இனிக் கணக்குப் பதிவுக்கு வருவோம். வங்கி வழி வந்தால், வெளிநாட்டிலிருந்து வந்த பணம் நடப்புக் கணக்கில் (சரக்கு, சேவை, அனுப்பிய பணம் போன்றவற்றைப் பதியும் அட்டவணைப் பகுதி) வரவாகிறது, எதிர்ப்பக்கம் இலங்கை வங்கி ஒன்றின் வெளிநாட்டுச் சொத்து 500 டாலர் கூடுகிறது. அந்த டாலரை வங்கி டீசல் இறக்குமதி செய்பவருக்கு விற்கலாம், மத்திய வங்கிக்கும் விற்கலாம். உண்டியல் வழியில் டாலர் தோஹாவை விட்டு நகரவே இல்லை. அம்மாவுக்கு வந்த ரூபாய், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் வேறொருவருடைய ரூபாய். ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: "அம்மாவுக்குக் கூடுதலாகப் பணம் கிடைத்திருக்கிறது. நாட்டுக்கு என்ன நட்டம்?" நல்ல கேள்வி. அதற்கு ஒரு பாடவேளை முழுவதும் போயிற்று. உள்ளூரில் ரூபாயைக் கொடுத்தவர் யார் என்று பார்க்க வேண்டும். அவர், விலையைக் குறைத்துக் காட்டிச் சரக்கு இறக்குமதி செய்து, மீதி விலையை வெளியே மறைவாகக் கொடுக்க வேண்டிய வியாபாரியாக இருந்தால், அந்த 500 டாலருக்கு ஏதோ ஒரு சரக்கு நாட்டுக்குள் வந்திருக்கிறது. பதிவில்தான் வரவில்லை. அவர் தன் சேமிப்பை வெளியே கொண்டுபோக விரும்பியவராக இருந்தால், அது மூலதனம் வெளியேறுவது. இரண்டு நிலையிலும் டாலர் காற்றில் கரைந்துவிடவில்லை. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் கடன் தவணைக்கும் டாலர் தேடிய வங்கிகளின் கைக்கு அது எட்டவில்லை, அவ்வளவுதான். இந்த ஒரு கணக்கைத் தடுமாறாமல் எழுதத் தெரிந்தவர், மாற்று வீதத்தை, அதாவது டாலரின் ரூபாய் விலையை, சந்தைக்குப் பொருந்தாத இடத்தில் பிடித்து வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பாதி புரிந்துகொண்டுவிட்டார்.

உண்மையில் என்ன ஆயிற்று என்பதற்கு எண்கள் இருக்கின்றன. இலங்கைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் அனுப்பிய பணம் 2020-இல் சுமார் 710 கோடி டாலர். 2021-இல் 550 கோடி, 2022-இல் சுமார் 380 கோடி. அந்த 2022-இல்தான் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்காக வெளிநாடு போனார்கள். ஆள் கூடுகிறது, பணம் குறைகிறது. மாற்று வீதம் நிலைபெற்ற பிறகு, 2023-இல், தொகை மீண்டும் 600 கோடியை நெருங்கியது. அந்தத் தொழிலாளர்கள் திடீரென்று கஞ்சர்களாகி, பிறகு திடீரென்று மனம் மாறியவர்கள் அல்லர். வங்கி கொடுத்த விலைக்கும் வெளிவிலைக்கும் இடையிலிருந்த பள்ளம் மூடியதும் பணம் வங்கிக்குத் திரும்பியது. வீழ்ச்சி முழுவதையும் இந்த ஒரு காரணத்தின் மீது ஏற்ற மாட்டேன், ஆனால் பெரும்பகுதி இதுதான் என்பதில் எனக்கு ஐயம் குறைவு.

இந்த அட்டவணையிலிருந்து வரும் முதல் பெரிய உண்மையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நடப்புக் கணக்கில் பற்றாக்குறை என்றால், அந்த நாடு தான் சேமிப்பதைவிட அதிகமாக முதலீடு செய்கிறது என்று பொருள். அது ஒரு கோட்பாடு கூட இல்லை, கணக்குச் சமன்பாடு. எந்தக் கட்சிக்காரரும் அதை மறுக்க முடியாது. ஆனால் அது எது எதற்குக் காரணம் என்று சொல்லாது. 2019 கடைசியில் இலங்கை அரசு மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது, வேறு வரிகளையும் நீக்கியது. அரசின் வரி வருமானம் நாட்டு வருமானத்தில் 8 சதவீத அளவுக்கு இறங்கியது. அரசின் சேமிப்பு அவ்வளவு குறைந்தால், தனியார் சேமிப்பு கூட வேண்டும், அல்லது முதலீடு சுருங்க வேண்டும், அல்லது வெளிநாட்டாரிடம் கடன் வாங்கியோ இருக்கும் டாலரைக் கரைத்தோ சமாளிக்க வேண்டும். நான்காவது வழி கிடையாது. எந்த வழி, எவ்வளவு என்பதைக் கண்டுபிடிக்கத்தான் கோட்பாடு தேவைப்படுகிறது. புத்தகத்தைத் திறக்கும் நேரம் இதுதான்.

கோட்பாட்டில் முதலில் படிக்க வேண்டியது, ராபர்ட் மண்டெல், மார்க்கஸ் ஃபிளெமிங் என்ற இருவர் 1960-களின் தொடக்கத்தில் தனித்தனியே உருவாக்கிய மாதிரி. அதன் சாரத்தை ஒரு வரியில் சொல்லலாம்: மாற்று வீதத்தை நிலையாக வைப்பது, வட்டி விகிதத்தை உள்நாட்டுத் தேவைக்கேற்ப முடிவு செய்வது, மூலதனத்தைத் தடையின்றி வந்துபோக விடுவது ஆகிய மூன்றில் ஒரு நாடு இரண்டைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இந்தியா மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது. ஹாங்காங் 1983 முதல் டாலரோடு தன் நாணயத்தைக் கட்டி வைத்திருக்கிறது, ஆகவே அமெரிக்க வட்டி ஏறினால் அங்கும் ஏறும். இலங்கை 2021 செப்டம்பரிலிருந்து டாலரை 200 ரூபாய்க்குச் சற்று மேலே பிடித்து வைத்தது. 2022 ஜனவரியில் கொழும்புப் பணவீக்கம் 14 சதவீதத்தைத் தாண்டியிருந்தபோது, மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டி, அது துணைநில் கடன்வழங்கல் வசதி வீதம் என்று அழைப்பது, 6.5 சதவீதம். அரசு குறுகிய காலக் கடனுக்காக வெளியிடும் திறைசேரி உண்டியல்களையும் மத்திய வங்கியே புதுப்பணம் அச்சிட்டு வாங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் மூன்றாவதை விட்டாக வேண்டும். மூலதனக் கட்டுப்பாடு இருக்கத்தான் செய்தது. இறக்குமதித் தடைகள் கூட இருந்தன. ஆனால் கட்டுப்பாடு என்பது சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பதல்ல, உண்டியல்காரர் கதவைத் தட்டும்போது அது நிற்கிறதா என்பதுதான்.

அடுத்து, நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு எப்படித் தீர்கிறது என்று படியுங்கள். பால் குரூக்மன் 1979-இல் எழுதிய ஒரு கட்டுரையின் கருத்து இங்கே உதவும். கையிருப்பு சீராகக் குறைந்து பூஜ்யத்தைத் தொடும் என்று நாம் நினைப்போம். ஆனால் தீரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தால், அதற்கு முன்பே எல்லோரும் டாலரை வாங்க ஓடுவார்கள், எஞ்சியது ஒரே மூச்சில் போய்விடும். 2019 கடைசியில் இலங்கையிடம் சுமார் 760 கோடி டாலர் இருந்தது. 2021 நவம்பரில் 160 கோடி. அடுத்த மாதமே 310 கோடி என்று அறிவிப்பு வந்தது. என் மாணவர் ஒருவர் நிலைமை தேறிவிட்டதா என்று கேட்டு எனக்குச் செய்தி அனுப்பினார். கூடிய தொகை சீன மத்திய வங்கியுடனான நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டிலிருந்து வந்தது. போதிய கையிருப்பு வேறு இருந்தால்தான் அதை எடுத்துச் செலவிடலாம் என்ற நிபந்தனை அதற்கு இருந்தது. தணிக்கையாளரான உங்களுக்கு இது புதிதல்ல. இருப்புநிலைக் குறிப்பில் ரொக்கம் என்று எழுதியிருப்பதெல்லாம் செலவழிக்கக்கூடிய ரொக்கம் ஆகாது. 2022 ஜனவரி 18-இல் முதிர்ந்த 50 கோடி டாலர் சர்வதேச முறியை (வெளிநாட்டுச் சந்தையில் விற்ற கடன்பத்திரம்) அரசு முழுமையாகத் திருப்பிக் கொடுத்தது. மார்ச் 7-இல் மத்திய வங்கி ரூபாயின் மீதிருந்த பிடியைத் தளர்த்தியது. ஏப்ரல் 8-இல் அதன் புதிய ஆளுநர் ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினார். ஏப்ரல் 12-இல் வெளிக்கடன் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில், பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலருக்கும் கீழே என்று நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். டாலர் 360 ரூபாய்வரை போனது. செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம்.

ஒரு நாட்டை மட்டும் படித்தால் எல்லா நெருக்கடியும் அதைப்போலவே தோன்றும். ஆகவே இரண்டாவதாக 1991 இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நான் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. எண்ணெய் விலை ஏறியது, வளைகுடாவிலிருந்து வரும் பணம் தடைப்பட்டது, வெளிநாடுவாழ் இந்தியர்கள் வைப்புத்தொகையை எடுக்கத் தொடங்கினார்கள். ரிசர்வ் வங்கி, இறக்குமதிக்குக் கடனுறுதிக் கடிதம் (விற்பவருக்குப் பணம் கிடைக்கும் என்று வங்கி தரும் உறுதி) திறப்பவர்கள் ரொக்கமாக முன்பணம் கட்ட வேண்டும் என்றது. முதலில் 50 சதவீதம். 1991 ஏப்ரலில் அது 200 சதவீதம் ஆயிற்று. ஈரோட்டிலிருந்து ஒரு சாயப்பொருள் வியாபாரி சுற்றறிக்கை வந்த வாரத்தில் எங்கள் கிளைக்கு வந்தார். ஒரு லட்ச ரூபாய்ச் சரக்குக்கு இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்று சொன்னதும், நான் தவறாகப் படிக்கிறேன் என்று நினைத்துச் சுற்றறிக்கையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "தம்பி, நாட்டுகிட்ட காசு இல்லையா?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தப் பாடத்துக்கு நான் வந்ததே அந்தக் கேள்வியால்தான்.

பதில் என்னவென்றால், காசு ஏறத்தாழ இல்லை. 1991 ஜூனில் இந்தியாவிடம் இருந்த அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் போதுமானதாக இருந்தது. மே மாதத்தில் அரசிடம் இருந்த பறிமுதல் தங்கத்தில் 20 டன், திரும்ப வாங்கும் உரிமையோடு சுவிட்சர்லாந்து வங்கிக்கு விற்கப்பட்டது. ஜூலையில் ரிசர்வ் வங்கி தன் தங்கத்தில் சுமார் 47 டன்னை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடாக வைத்து 40 கோடி டாலர் திரட்டியது. ஜூலை 1, 3 ஆகிய இரண்டு நாட்களில் ரூபாயின் மதிப்பு இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது. இந்தியா ஒரு தவணையைக்கூடத் தவறவிடவில்லை. இலங்கை தவறவிட்டது. ஏன்? எனக்குத் தெரிந்த அளவில் முக்கியமான வித்தியாசம் கடன் கொடுத்தவர் யார் என்பதில் இருக்கிறது. இந்தியாவின் கடனில் பெரும்பகுதி உலக வங்கியும் பிற அரசுகளும் நீண்ட காலத்துக்குக் கொடுத்தது. இலங்கை 2007-இல் முதல் முறையாக 50 கோடி டாலருக்குச் சர்வதேச முறி வெளியிட்டது. 2021 கடைசியில் அரசின் வெளிக்கடனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்படிச் சந்தையில் வாங்கியது. அந்த முறிகளுக்கு வட்டி அதிகம், தவணைக்காலம் குறைவு. முதிரும் நாளில் மொத்த முதலையும் கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டுமானால் புதிய முறி விற்க வேண்டும். 2020-இல் நாட்டின் கடன் தரமதிப்பீடு இறங்கியதும் புதிய முறியை யாரும் வாங்கவில்லை. வாசல் மூடிவிட்டது.

இப்போது உங்கள் விவாதக்காரர்களிடம் திரும்புவோம். சீனக் கடன் மட்டுமே காரணம் என்பது கணக்கோடு பொருந்தவில்லை. சந்தை முறிகள் அதைவிடப் பெரிய சுமை. ஆனால் சீனக் கடனில் கட்டிய சில திட்டங்கள் டாலர் ஈட்டித் தரவில்லை என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. கொரோனா சுற்றுலா வருமானத்தை ஏறத்தாழ நிறுத்தியது உண்மை. ஆனால் சுற்றுலாவை நம்பிய எல்லா நாடுகளும் தவணை தவறவில்லை, ஆகவே அது முழு விடை ஆகாது. வரிக் குறைப்பு மிகப் பெரிய தவறு என்பது என் கருத்து. அதைவிடக் கொடிய தவறு, 2020-இலேயே கடன் மறுசீரமைப்புக்கு, அதாவது கடன் கொடுத்தவர்களோடு பேசிக் கடனின் நிபந்தனைகளை மாற்றுவதற்கு, போகாமல், கையிருப்பைக் கரைத்து முறிக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தது என்றும் நினைக்கிறேன். முன்பே போயிருந்தால் எரிவாயு வரிசையில் மக்கள் நாட்கணக்கில் நின்றிருக்க வேண்டியிருக்காது. இதை உறுதியாக நம்புகிறேன், ஆனால் நிரூபிக்க முடியாது. இலங்கைக்கு ஒரு 2020-தான் உண்டு. வேறு முடிவு எடுத்த இன்னொரு இலங்கையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வழியில்லை. இந்தத் துறையின் அடிப்படைக் குறை இதுதான். மருத்துவர் ஆயிரம் நோயாளிகளைப் பார்க்கலாம், நமக்குக் கிடைப்பது சில டஜன் நாடுகளின் கதை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்.

இதே குறை மலேசியக் கதையிலும் தெரியும். 1997 ஆசிய நெருக்கடியில் தாய்லாந்தும் தென்கொரியாவும், நெருக்கடியில் சிக்கும் நாடுகளுக்கு நிபந்தனையோடு கடன் கொடுக்கும் பன்னாட்டு நாணய நிதியத்திடம் போயின. மலேசியா போகவில்லை. 1998 செப்டம்பரில் மூலதனக் கட்டுப்பாடு போட்டு, டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டி, 2005 ஜூலை வரை அப்படியே வைத்திருந்தது. மலேசியா மீண்டது, ஆகவே நிதியத்தின் மருந்து தவறு என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. கொரியாவும் அதே காலத்தில் வேகமாக மீண்டது, கட்டுப்பாடு வந்தபோது புயலின் உச்சம் கடந்துவிட்டிருந்தது என்று மறுதரப்பு சொல்கிறது. வகுப்பில் இரண்டு தரப்பையும் வாதிட வைப்பேன். பிறகு நான் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். கட்டுப்பாடு பேரழிவைக் கொண்டுவரும் என்று அன்று சொன்னவர்கள் தவறு என்பது மட்டும் எனக்கு உறுதி. அதுதான் மலேசியாவைக் காப்பாற்றியது என்பதற்குச் சான்று போதவில்லை.

ரூபாய் எப்போது விழும் என்று சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு நேரடியான பதில்: முடியாது. 1983-இல் ரிச்சர்ட் மீஸ், கென்னத் ரோகோஃப் இருவரும் அன்றைய மாற்று வீத மாதிரிகளைச் சோதித்தார்கள். அடுத்த சில மாதங்களுக்கான கணிப்பில் அவற்றில் எதுவும், "இன்றைய விலையே நாளையும் இருக்கும்" என்று சொல்வதைவிடச் சிறப்பாகச் செயல்படவில்லை. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளாக எவ்வளவோ பேர் முயன்றும் அந்த முடிவு குறுகிய காலத்துக்குப் பெரிதாக அசையவில்லை. எனவே அடுத்த தீபாவளிக்குள் டாலர் இத்தனை ரூபாய் என்று அடித்துச் சொல்பவரை நம்பிப் பணம் போடாதீர்கள். ஒரு நாடு ஆபத்தான இடத்தில் நிற்கிறது என்று சொல்ல முடியும். குறுகிய காலக் கடனோடு ஒப்பிடும்போது கையிருப்பு குறைவு, கடன் அந்நிய நாணயத்தில், மாற்று வீதம் கட்டிப்போட்ட நிலை, வெளிச்சந்தையில் வேறு விலை என்று நான்கும் சேர்ந்திருந்தால் நான் கவலைப்படுவேன். எந்த மாதம் என்று கேட்டால் வாய் திறக்க மாட்டேன்.

கணிதத்துக்கு அஞ்ச வேண்டாம். எடைபோடும் அளவுக்கு வேண்டியது சதவீதம், கூட்டு வட்டி, மடக்கை, ஒரு வரைபடத்தின் சாய்வைப் படிக்கும் திறமை. முதல் ஆறு மாதம் இது போதும். கடன் எப்போது தாங்கக்கூடியது என்ற கேள்விக்கு வரும்போது, வட்டி விகிதமும் வளர்ச்சி விகிதமும் ஒன்றோடொன்று போட்டியிடும் ஒரு எளிய சமன்பாடு வரும். அதை எக்செல் தாளில் பத்தாண்டுக்கு இழுத்துப் பாருங்கள். தவணைக் கணக்குப் போடும் உங்களுக்கு அது விளையாட்டு. நுண்கணிதமும் புள்ளியியலும் அதற்கு அடுத்த கட்டம். ஆய்வுக் கட்டுரையில் ஒருவர் "இதனால் அது" என்று சொல்லும்போது அவர் எப்படி அங்கே வந்தார் என்று கேட்க, ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் தொடர்புப்போக்குப் பகுப்பாய்வு (regression) கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். அதைத் தள்ளிப்போடலாம், விட்டுவிட முடியாது.

பாடநூலைப் பொறுத்தவரை, இளங்கலை நிலைக்கான எந்த நல்ல சர்வதேசப் பொருளியல் நூலின் இரண்டாம் பாதியும் போதும். முதல் பாதி வணிகக் கோட்பாடு, அது பிறகு. அதைவிட நான் வற்புறுத்துவது மூல ஆவணங்களை. இலங்கை மத்திய வங்கி தன் ஆண்டறிக்கைகளைத் தமிழிலும் வெளியிட்டு வந்திருக்கிறது. இந்தத் துறையில் தமிழில் கிடைக்கும் மிகப் பெரிய புதையல் அது, தமிழ்நாட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். பன்னாட்டு நாணய நிதியம் உறுப்பு நாடுகளைப் பற்றி வழக்கமாக வெளியிடும் ஆய்வறிக்கைகள் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் நிதிய அலுவலர்களின் மதிப்பீட்டைப் படித்தவுடன், அதனோடு வரும் அந்த நாட்டுத் தரப்பின் அறிக்கையையும் படியுங்கள். 2022 மார்ச்சில் வந்த இலங்கை அறிக்கையில் நிதியம் நாட்டின் பொதுக்கடன் தாங்கத்தக்கதல்ல என்று சொல்லிவிட்டது. அடுத்த மாதமே தவணை நின்றது. ரிசர்வ் வங்கி காலாண்டுக்கு ஒருமுறை இந்தியாவின் செலுத்துநிலையை வெளியிடுகிறது. அது வரும் நாளில் பத்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள்.

எம்.ஏ. விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆய்விலோ, ரிசர்வ் வங்கி, நிதி அமைச்சகம் போன்ற இடங்களிலோ வேலை வேண்டும் என்றால் சேருங்கள். சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம் போன்ற நல்ல இடங்கள் பக்கத்திலேயே உண்டு. நுழைவுத் தேர்வுக்குக் கணிதம் கட்டாயம் தேவைப்படும், ஓராண்டு தயாரிப்பு வேண்டும். புரிந்துகொள்ள மட்டும் என்றால் வேலையை விடாதீர்கள். மாலையில் ஒரு மணி நேரம் போதும்.

தொடங்கும் விதமாக ஒரு பயிற்சி தருகிறேன். 2023-இல் இலங்கையின் நடப்புக் கணக்கு, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாக உபரி காட்டியது. அந்த ஆண்டுக்கான இலங்கை மத்திய வங்கி அறிக்கையின் சென்மதி நிலுவை அட்டவணையைத் தமிழிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். இறக்குமதி, சுற்றுலா, தொழிலாளர் அனுப்பிய பணம் என்ற மூன்று வரிகளை 2019 முதல் வரிசையாக எழுதுங்கள். பிறகு சேமிப்பும் முதலீடும் அந்த ஆண்டுகளில் எப்படி நகர்ந்தன என்று பாருங்கள். உபரி வந்தது நாடு கூடுதலாக ஈட்டியதாலா, முதலீடும் வாங்கும் சக்தியும் சுருங்கியதாலா என்று அரைப் பக்கம் எழுதி இங்கேயே பதில் போடுங்கள். நான் படித்துப் பார்த்து, பற்று வரவில் எங்காவது பிசகு இருந்தால் சொல்கிறேன்.